போலீஸாரும் பொதுமக்களும்: கைகோத்த சின்னத்தின் கதை

மலாய் மொழியில் "மாத்தா" என்றால் கண். அச்சொல்லை இரட்டித்து "மாத்தா மாத்தா" என்று மலாய் மக்கள் போலீஸ்காரனை அழைத்தனர். நம் தோட்டத்து மக்களும் அவ்வழக்கை ஏற்று "மாத்தா" என்றனர். ஊர் உறங்குங்கால் விழித்திருக்கும் கண் என்று பொருள் கொள்ளின் அஃது எத்துணை அழகிய பெயர்! ஆயினும் "அதோ மாத்தா வருகிறான்" என்று சொல்லி அழுங் குழந்தையை அடக்கிய தாய்மாரை நம்மில் மூத்தோர் பலர் அறிவர். காக்கும் கண் எவ்வாறு அச்சுறுத்தும் கண் ஆயிற்று? அதனை மீண்டும் காக்கும் கண்ணாக்க இந்நாட்டில் எவரேனும் முயன்றதுண்டா? இவையே ஈண்டு ஆராயற்பாலன.

சிங்கப்பூர்ப் பட்டணம் தோன்றிய மறு ஆண்டு, 1820-இல், பார்க்குவார் துரை தம் மருமகன் பிரான்சிஸ் பெர்னார்டின் தலைமையில் ஒரு போலீஸ் படையை நிறுவினார். ஆட்கள் ஏறத்தாழப் பன்னிருவர்; மாதச் செலவு 300 வெள்ளி. இப்பணம் எங்கிருந்து வந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. சூதாட்டத்துக்கும் அபினுக்கும் சாராயத்துக்கும் விற்கப்பட்ட உரிமைகளிலிருந்தே வந்தது. குடிகளைக் கெடுத்த காசில் குடிகளைக் காக்கும் படை கட்டப்பட்டது! ராபில்ஸ் துரையே இதனை ஒப்பாது 1823-இல் சூதாட்டத்தைத் தடுத்தார் எனினும், அத்தடை நெடுநாள் நிலைக்கவில்லை.

1843-இல் கொள்ளைக் கூட்டங்களின் கொடுமை பொறாது வணிகர்கள் கூடி முறையிட்டதன் பயனாகத் தாமஸ் டன்மன் என்னும் இளைஞர் போலீஸ் தலைவராக்கப்பட்டார். அவர் படை வீரரல்லர். ஒரு வணிக நிலையத்தில் உதவியாளராயிருந்தவர். எல்லா இனத்துப் பெரியவர்களோடும் கலந்து பழகியவர். ஆகவே நகரில் கலகம் மூளப்போகிறதென்றால் அவர் காதுக்குச் செய்தி முன்னரே எட்டியது. மக்களின் நம்பிக்கையே போலீஸாருக்குச் சிறந்த துப்பு என்பதை அவர் நூல் படித்து அறியவில்லை, கடைத்தெருவில் அறிந்தார். ஆனால் ஒரு மனிதரின் பழக்கம் ஓர் இலாகாவின் பழக்கமாகிவிடாது. இதற்கு 1857-ஆம் வருஷமே சான்று.

அந்நாளில் இந்நாடு கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டது. அங்கே இயற்றிய புதிய போலீஸ் சட்டமும் நகரச் சட்டமும் 1857 ஜனவரி முதல் நாள் இங்கே நடைமுறைக்கு வந்தன. சீன மக்களுக்கு அவற்றின் பொருளை அவர்கள் மொழியில் எவரும் தெளிவாய் எடுத்துரைக்கவில்லை. மறுநாள் சீனர் தம் கடைகளை அடைத்தனர். நகரம் ஸ்தம்பித்தது. கவர்னர் பிளண்டல் விளக்க அறிக்கை வெளியிட்ட பின்னரே கடைகள் திறந்தன. சட்டம் மாறவில்லை, விளக்கம்தான் வந்தது, அதுவே போதுமானதாயிருந்தது. இப்பாடம் ஒரு மாதம்கூட நினைவில் நிற்கவில்லை போலும்! அடுத்த மாதமே, சமய விழாவொன்றில் வழியை அடைத்து நின்றனர் என்று இந்தியர்களோடு போலீஸார் மோதினர். துப்பாக்கி வெடித்தது, நம்மவர் உயிர் போயிற்று.

பின்வந்த ஆட்சியாளர் இதற்குக் கண்ட மருந்து விந்தையானது. மக்களோடு பழகும் போலீஸார் இரகசியச் சங்கங்களின் வலையில் விழுவர் என்று அஞ்சி, உள்ளூர் மக்களோடு உறவோ தொடர்போ இல்லாத சீக்கியரை வரவழைத்து 1881-இல் சிங்கப்பூரில் ஒரு தனிப்படை அமைத்தனர். அவர்கள் அஞ்சா நெஞ்சினர், கடமை தவறாதவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களைத் தெரிந்தெடுத்த காரணத்தைக் கருதுக. ஊராருக்கு அந்நியராயிருப்பதே ஒரு தகுதியாயிற்று! ஐம்பதாண்டுகளுக்கு மேலாகச் சீனரை ஆண்டும், அவர் மொழி பேசும் வெள்ளை அதிகாரி ஒருவரையும் பெறாதிருந்த சர்க்கார், 1872-இல்தான் பிக்கரிங் என்பவரைக் கண்டெடுத்தது. அவரைத் தலைவராக்கி 1877-இல் சீனர் பாதுகாப்பு இலாகாவைத் திறந்தது. சிவில் உத்தியோகஸ்தர் சிலர் சென்னைக்குச் சென்று தமிழ் கற்று வந்தது பிற்காலத்தில். அவர்களும் பெரும்பாலும் தொழில் இலாகாவுக்கே போயினர். போலீஸ் ஸ்டேஷனில் தமிழனுடைய முறையீடு இரண்டு மொழி கடந்துதான் மேஜையைச் சென்றடைந்தது.

தோட்டத்தின் நிலை இன்னும் வேறு. அங்கே துரையே சட்டம், கிராணியே சாட்சி, கங்காணியே காவல். போலீஸார் அழைக்கப்பட்டபோது வந்தனர். அழைத்தவர் எப்போதும் துரையே. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் எழுந்த வேலை நிறுத்தத்தை இங்கே விரிவாய் நினைவுகூர்தல் தகும். சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். கள்ளுக்கடையை மூடக் கேட்டனர். பெண்களிடம் முறைகேடாய் நடப்போரை நீக்கக் கேட்டனர். துரைக்கும் கிராணிக்கும் முன்னே சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையையும் கேட்டனர். இக்கடைசிக் கோரிக்கையைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. சுயமரியாதை என்னும் சொல்லை மேடையில் கேட்டுக் கைதட்டுவது எளிது. செம்மண் பாதையில் சைக்கிள் மேலமர்ந்தபடி அதனைக் கேட்டவன் அத்தொழிலாளியே.

சர்க்கார் என் செய்தது? மே 5-ஆம் நாள், இயக்கத்தின் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து பின்னர் நாடு கடத்தியது. தலைவரை விடுவிக்கக் கோரி மக்கள் திரண்டனர். போலீஸாரோடு படையும் இறங்கியது. மே 16-இல் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு மாண்டனர். அப்படையிலிருந்தோர் இந்தியச் சிப்பாய்கள் என்பதை எண்ணுந்தோறும் மனம் குமுறுகிறது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி வந்தது. கெம்பித்தாய் என்ற அவர்களது இராணுவப் போலீஸின் கீழ் வேலை செய்ய நேர்ந்த உள்ளூர்ப் போலீஸார், யுத்தம் முடிந்தபோது மக்கள் முன் தலைநிமிர்ந்து நிற்க இயலாதவராயினர்.

இத்தகைய படையின் கையில்தான் 1948 ஜூனில் அவசரகாலச் சட்டங்கள் ஒப்படைக்கப்பட்டன. விசாரணையின்றிச் சிறைவைக்கலாம், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் அடையாள அட்டை பெறவேண்டும், எவரையும் எவ்விடத்தும் சோதனையிடலாம். படை சில ஆண்டுகளுக்குள் பன்மடங்கு பெருகியது. பயிற்சி குறைந்த விசேஷப் போலீஸார் பல்லாயிரவர் சேர்ந்தனர். பாலஸ்தீனத்தில் வேலை முடிந்து வந்த வெள்ளையர் நூற்றுக்கணக்கானோர் மேலாளராயினர். அவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டு மொழி ஒன்றும் அறியார். 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் வாழ்ந்த ஐந்து லட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. விடியுமுன் பால்வெட்டப் புறப்பட்டவர்கள், ஆணும் பெண்ணும், வாயிலில் சோதனைக்கு நின்றனர். பயங்கரவாதிகளுக்குச் சோறு போய்விடும் என்று பசியாற உணவு கொண்டுசெல்வதும் தடுக்கப்பட்டது. ஒரு தொழிலாளி சர்க்காரை நாள்தோறும் நேருக்கு நேர் சந்தித்த இடம் அந்த வாயில்தான். அங்கு நின்ற போலீஸ்காரனின் கையும் வாயும் எத்தகையனவோ அத்தகையதே அவன் கண்ட சர்க்கார்.

1951 அக்டோபரில் ஹைகமிஷனர் கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் வந்த டெம்ப்ளர், மக்களின் உள்ளத்தை வெல்வதே போரை வெல்லும் வழி என்று பேசியவர் என இன்றும் புகழப்படுகிறார். அவரே 1952 மார்ச்சில், பன்னிருவர் கொல்லப்பட்ட தாக்குதல் ஒன்றுக்குப் பின், தஞ்சோங் மாலிம் நகரையே தண்டித்தார். நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு. அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. வாய் திறவாத ஊர் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. பச்சிளங் குழந்தையும் அதில் அடக்கம்! போலீஸாரிடம் துப்புச் சொன்னால் ஒரு சாரார் கொல்வர், சொல்லாவிடில் மறு சாரார் பட்டினியிடுவர் என்ற நிலையில் வாய் திறப்பார் யார்?

இச்சூழலில் லண்டன் நகரின் போலீஸ் கமிஷனராயிருந்த ஆர்தர் யங் ஓராண்டுக் கடனாக மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் கண்டது எளிய உண்மை. படை போர்வீரராகிவிட்டது, போலீஸாராக இல்லை. தகுதியற்றோரை ஆயிரக்கணக்கில் நீக்கினார்; எஞ்சியோரைத் தொகுதி தொகுதியாய் மீண்டும் பயிற்சிக்கு அனுப்பினார். 1952-இல் கோலாகுபு பாருவில் அதிகாரிகளுக்கென ஒரு கல்லூரி எழுந்தது. சீனரைப் படையில் சேர்க்க முயன்றார். ஆண்டின் இறுதியில், டிசம்பரில், "ஆப்பரேஷன் சர்வீஸ்" என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். போர் நடவடிக்கைக்கு வைக்கும் பெயரைத் தொண்டுக்கு வைத்ததைக் கவனியுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும் எவரும் மரியாதையோடு நடத்தப்படவேண்டும். வழி தெரியாதவனுக்கு வழிகாட்டவேண்டும். கடிதம் எழுதத் தெரியாதவனுக்கு உதவவேண்டும். ஒவ்வொரு போலீஸ்காரனும் தன் கடமைக்கு மேல் ஒரு நற்செயல் புரியவேண்டும் என்பது அதன் சாரம். இரு கைகள் ஒன்றையொன்று பற்றிய உருவமும், தொண்டாற்றத் தயார் என்னும் பொருள்பட்ட மலாய்ச் சொற்களும் பொறித்த சின்னம் படைக்கு வழங்கப்பட்டது.

ஒரு சின்னத்தால் என்ன ஆகும் என்று அன்றே பலர் கேட்டனர். கேட்டதில் நியாயமும் உண்டு. சட்டங்கள் அப்படியே இருந்தன. வேலியும் வாயிலும் இருந்தன. விசாரணையின்றி அடைபட்டோர் அடைபட்டே இருந்தனர். அவ்வாண்டுகளில் கொலைகள் குறைந்ததற்குக் குடியுரிமை விரிவும், காட்டில் ஏற்பட்ட உணவுப் பஞ்சமும், கம்யூனிஸ்டுகள் தம் உபாயத்தை மாற்றியதும் காரணங்களே. 1953 செப்டம்பரில் மலாக்காவில் ஒரு பகுதி முதன்முதலாகக் கட்டுப்பாடு நீங்கிய "வெள்ளைப் பிரதேச"மாயிற்று; அங்கே மக்களுக்கு நிம்மதி தந்தது வேலி திறந்ததேயன்றிச் சின்னமன்று. இருந்தும் யங் செய்ததை நாம் சிறிதென்று தள்ளுதல் தகாது. மக்களே போலீஸாரின் எசமானர் என்ற கொள்கையை இந்நாட்டுப் படையின் கட்டளையாக எழுதி வைத்தவருள் அவர் முக்கியமானவர். வாயிலில் "வாடா" என்ற வாய் "வாருங்கள்" என்றால், பெற்றவனுக்கு அது சிறு பரிசன்று.

யங் 1953-இல் ஊர் திரும்பினார். அவர் கதையின் முக்கியமான பகுதி நம் நாட்டில் நடக்கவில்லை. 1954-இல் கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியின்போது அங்கும் போலீஸ் கமிஷனராக அனுப்பப்பட்டார். சர்க்காரின் சொந்த ஆட்களே ஆப்பிரிக்க மக்களை அடித்தும் கொன்றும் வருவதைக் கண்டு, அக்குற்றங்களைப் போலீஸார் தடையின்றி விசாரிக்கவேண்டும் என்றார். கவர்னர் இணங்கவில்லை. ஓராண்டு நிறையுமுன்னே யங் பதவியைத் துறந்தார். மலாயாவில் கைகோக்கச் சொன்ன மனிதர், கென்யாவில் கையை விடுவித்துக்கொண்டு வெளியேறினார். பணிவும் புன்னகையும் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை அவர் தம் பதவியைக் கொடுத்து அறிந்தார்.

சிங்கப்பூர் பிற்காலத்தில் வேறு வழி கண்டது. ஜப்பானியர் 1870-களிலிருந்து தெருமுனைகளில் வைத்திருந்த "கோபான்" என்னும் சிறு காவல் நிலையங்களை ஆராய்ந்து, 1983 ஜூனில் தோ பாயோவின் கே போங் வட்டாரத்தில் முதல் அக்கம்பக்கப் போலீஸ் நிலையத்தைத் திறந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே ஒரு சிறு அறை. அங்குள்ளவர் வீடு வீடாய்ச் சென்று பழகுவது வேலையின் ஒரு பகுதி. 1997-இல் இவை பெரிய நிலையங்களின் கீழ் திருத்தியமைக்கப்பட்டன. குடியிருப்போரோடு வளர்ந்த இப்பழக்கம், குடியிருப்பு இல்லாதோரை எட்டியதா? 2013 டிசம்பர் 8-இல், விபத்தொன்றில் இந்தியத் தொழிலாளி ஒருவர் இறந்ததும் தேக்கா வட்டாரத்தில் மூண்ட கலவரம் இக்கேள்வியை எழுப்பியது. வாரமொருமுறை கூடிக் கலையும் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்க்கு, வீடு தேடி வரும் போலீஸ்காரன் எங்கே?

மலேசியாவில் வழி இன்னும் நீண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் நகரோரப் புறம்போக்குகளுக்கு வந்து சேர்ந்தபின், போலீஸ் காவலில் மாண்டோர் பட்டியலில் இந்தியர் தம் ஜனத்தொகைக்கு மிஞ்சிய அளவில் இடம்பெற்றனர். முன்னாள் தலைமை நீதிபதி முகமது ஜைத்தின் அப்துல்லாவின் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு 2005-இல் 125 பரிந்துரைகளைத் தந்தது. போலீஸார் மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. அப்பரிந்துரை சட்டமாகப் பதினேழாண்டுகள் ஆயின. 2022-இல் நிறைவேறிய அச்சட்டம் 2023 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது, ஆணையம் பிறந்தது. ஆயினும் அச்சட்டம் பிறந்த வடிவில் ஆணையம் தானே தண்டிக்க இயலாது, உரிய அதிகாரிகளுக்கு எழுதியனுப்பவே கூடும். லாக்கப்பைப் பார்வையிடச் செல்லுமுன் தகவல் தெரிவித்துவிட்டே செல்லவேண்டும்.