கோப்புப்பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கோப்புப்பெயரில் கணினி வேறுவேறாகக் கொள்கிறதா, ஒன்றாகக் கொள்கிறதா என்பது இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். லினக்ஸ் வேறுவேறாகக் கொள்ளும். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் ஒன்றாகவே கொள்ளும். வலைச்செயலிகளில் பெரும்பகுதி விண்டோஸ் அல்லது மேக் மடிக்கணினியில் எழுதப்பட்டு லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது. அதனால் எழுதியவர் மேசையில் ஒழுங்காக ஓடிய நிரல், சர்வரில் ஏற்றியதும் 'கோப்பு இல்லை' என்று நின்றுவிடுகிறது. தமிழ் எழுத்தில் இந்தப் பெரிது, சிறிது என்ற பாகுபாடே கிடையாது. அப்படியும் தமிழ்ப் பெயர்களை இது விட்டுவைப்பதில்லை.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒன்று

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் ஆண்டுகள் 919, 921. உள்ளூர் மாணவர் ஒருவர் அவற்றைப் படமெடுத்து ஒரு வலைத்தளம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமராவிலிருந்து இறங்கும் படத்தின் பெயர் 'டிஎஸ்சி', ஓர் அடிக்கோடு, நான்கு இலக்க எண், புள்ளி, 'ஜேபிஜி' என்று இருக்கும், எழுத்தெல்லாம் கேப்பிட்டல். டிஜிட்டல் கேமராக்களுக்கான டிசிஎஃப் தரம் சிறிய எழுத்துக்கு இடம் தருவதில்லை. மாணவரோ பக்கத்தை எழுதும்போது கைப்பழக்கத்தில் சிறிய எழுத்தில் 'ஜேபிஜி' என்று அடித்துவிடுகிறார். விண்டோஸில் படம் தெரிகிறது. லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படம் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த சின்னம் நிற்கிறது, சர்வர் 404 என்கிறது. முகப்புக் கோப்பான 'இண்டெக்ஸ்' என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தால் முகப்பே திறக்காது. அப்பாச்சி சர்வர் வழக்கமாகத் தேடுவது முழுக்கச் சிறிய எழுத்திலுள்ள பெயரைத்தான்.

காரணம்

ஆஸ்கி அட்டவணையில் பெரிய 'ஏ'யின் எண் 65, சிறிய 'ஏ'யின் எண் 97. 1969-இல் பெல் ஆய்வகத்தில் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸ், கோப்புப்பெயரை வெறும் எண்களின் வரிசையாகப் பார்த்தது. எண் வேறென்றால் பெயரும் வேறு. லினக்ஸ் அந்த வழியில் வந்தது. விண்டோஸுக்கு முன்னோடியான எம்எஸ்-டாஸ், எட்டு எழுத்துப் பெயரும் மூன்று எழுத்து ஒட்டுமாக எல்லாவற்றையும் பெரிய எழுத்துக்கு மாற்றியே வைத்துக்கொண்டது. 1995-இல் விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தபோது, அடித்த வடிவத்தை அப்படியே காப்பாற்றியது. தேடும்போது மட்டும் வேறுபாட்டைக் கண்டுகொள்ளவில்லை. குழப்பத்தின் வேர் இந்த அரைகுறைச் சலுகைதான். எழுத்து பெரிதாகவும் சிறிதாகவும் திரையில் தெரிவதால், கணினி அதைக் கவனிக்கிறது என்று எழுதுபவர் நம்பிவிடுகிறார். 2018 முதல் விண்டோஸ் 10-இல் ஒரு குறிப்பிட்ட ஃபோல்டருக்கு மட்டும் லினக்ஸ் முறையை இயக்கலாம். 2019 முதல் லினக்ஸின் எக்ஸ்ட்-4 கோப்பு அமைப்பிலும் இதற்கு நேரெதிரான வசதி உண்டு. இரண்டையும் நாடுவோர் குறைவு.

வலை முகவரியில் இந்த இரண்டு வழக்கமும் ஒரே வரியில் இருக்கின்றன. தளத்தின் பெயரில் எழுத்து வேறுபாடு செல்லாது. அதற்குப் பின் சாய்கோட்டுக்கு அப்பால் வரும் பாதையில் செல்லும். அப்பாச்சியில் எழுத்துப் பிழையைத் தானே திருத்தி வழிகாட்டும் துணைநிரல் ஒன்று இருக்கிறது. 'ஸ்பெல்லிங்' என்ற அதன் பெயரிலேயே ஓர் 'எல்' வேண்டுமென்று விடப்பட்டிருக்கிறது. வேடிக்கை நன்று, ஆனால் அதை நம்பித் தளம் நடத்துவது சோம்பல்.

பெயரிடும் வழக்கங்கள்

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மரபு. பைத்தானில் கோப்புப்பெயர் முழுக்கச் சிறிய எழுத்தில், சொற்களுக்கிடையே அடிக்கோட்டுடன் வரும். ஜாவாவில் பொது வகுப்பின் பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிஎச்பி நிரலாளர்களே அதிகம் மாட்டிக்கொள்வார்கள். அந்த மொழி வகுப்புப் பெயரில் எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வகுப்பைத் தானாகத் தேடி ஏற்றும் பிஎஸ்ஆர்-4 விதி, கோப்புப்பெயர் அச்சுப்பிசகாமல் பொருந்த வேண்டும் என்கிறது. மொழி மன்னித்ததை லினக்ஸ் மன்னிக்காது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு தொல்லை: விண்டோஸில் ஒரு பெயரின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால், பெயர் மாறியதாகவே கிட் எடுத்துக்கொள்ளாது. கிட்டின் 'எம்வி' கட்டளையால் மாற்றினால்தான் மாற்றம் பதிவாகும்.

வலை முகவரியாக வெளியே தெரியும் பெயர்களுக்கு எல்லாமே சிறிய எழுத்து, சொற்களுக்கிடையே இணைகோடு, இடைவெளி கூடவே கூடாது என்பதே பரவலான நடைமுறை.

ஊர்ப்பெயரைக் கோப்புப்பெயராக்கும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. உத்திரமேரூருக்கு ஆங்கிலத்தில் 'டிஎச்' போடுவோரும் உண்டு, கல்வெட்டு ஆய்வாளர்களைப் போல இரட்டை 'டி' போடுவோரும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்ட அரசுத் தளத்தின் முகவரியில் இரட்டை 'ஈ' வருகிறது, பல நூல்களில் ஒற்றை 'ஐ'. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. மாவட்டப் பெயரை முகவரிப் பாதையில் வைப்பதும் நல்லதன்று. 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே நின்றது, பக்கத்து மதுராந்தகம் செங்கல்பட்டுக்குப் போனது.

தமிழ்ப் பெயர்கள்

ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டச்சும் முறைகள் பலவற்றில் சிறிய 'எல்' லகரம், பெரிய 'எல்' ளகரம். சிறிய 'என்' னகரம், பெரிய 'என்' ணகரம். இதே பழக்கத்தில் கோப்புக்குப் பெயரிட்டால் விண்டோஸில் விபரீதம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் தங்கப் பல்லிக்கு ஒரு கோப்பு, ஊர்ப் பள்ளிக்கு ஒரு கோப்பு என்று வைத்தால், இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க முடியாது. பின்னால் சேமித்தது முன்னதை அழித்துவிடும். லினக்ஸில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

யூனிகோடு தமிழிலேயே பெயரிடலாம், இப்போது தடையில்லை. ஆனால் நீளம் கூடும். 'உத்திரமேரூர்' நமக்கு 7 எழுத்து, யூனிகோடில் 12 குறியீடு, யூடிஎஃப்-8 முறையில் 36 பைட். முகவரியில் அது விழுக்காட்டுக் குறியுடன் விரியும்போது 108 குறிகளாகும். எக்ஸ்ட்-4 ஒரு பெயருக்கு அனுமதிப்பது 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறியீடுகள்.

இதைவிடச் சிக்கலானது ஒகர, ஓகார உயிர்மெய். 'குடவோலை' என்பதிலுள்ள 'வோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. முதல் வகையில் பெயர் 21 பைட், இரண்டாம் வகையில் 24. வழக்கமான லினக்ஸுக்கு இவை இரண்டு கோப்புகள். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு எல்லாவற்றையும் பிரித்தே சேமித்தது. அதிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு வந்த 'குடவோலை'யை, சேர்த்து எழுதிய இணைப்பு கண்டுபிடிக்காது. இதற்கு மருந்து உண்டு: யூனிகோடு வரையறுத்த என்எஃப்சி வடிவத்துக்கு எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டுச் சேமிப்பது. '.இந்தியா'வில் முடியும் தமிழ்த் தளப்பெயர்களுக்கு அந்த வடிவம் கட்டாயம். பாதைக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை, நிரலாளர்தான் செய்ய வேண்டும்.

கோயில் பெயர்களின் முன்னே வரும் 'ஸ்ரீ'க்கு அந்த மருந்தும் வேலை செய்யாது. 2005-இல் தமிழுக்குச் சேர்க்கப்பட்ட கிரந்த 'ஶ' கொண்டு தொடங்குவதே யூனிகோடு பரிந்துரைக்கும் வடிவம். பல விசைப்பலகைகள் இன்னும் 'ஸ'வில் தொடங்கித் தருகின்றன. எழுத்துரு இரண்டையும் ஒன்றுபோலவே வரையும். யூனிகோடு விதிப்படி அவை சமமல்ல என்பதால் என்எஃப்சி இரண்டையும் தொடாமல் விட்டுவிடும். பெயரைச் சேமிக்கும் முன் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வரியைச் செயலி எழுதுபவர் தனியே சேர்க்க வேண்டும். 'கௌ' என்பதற்குப் பதில் ககரம், கொம்பு, ளகரம் என்று அடிக்கப்பட்ட பெயர்களை அப்படி மாற்ற முடியாது. 'கெளிறு' போன்ற சொற்களில் அந்த ளகரம் உண்மையான ளகரம்.