குடல் சுவருக்குள் புகுந்த வாயு

ஆத்தூரில் ஒருவர் மதியச் சோறு சாப்பிட உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரைக்காரர். முதல் கவளத்தோடு வோக்லிபோஸ் மாத்திரையையும் விழுங்குகிறார். சோற்றின் மாவுச்சத்து சிறுகுடலில் சட்டென்று சர்க்கரையாக உடையாமல் அது தடுக்கிறது. உடையாத மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்க, ஹைட்ரஜன் பிறக்கிறது.

வழக்கமாக அது வெளியேற வழிகள் உண்டு. ஒரு பகுதி கீழே போய்விடும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பகுதி ரத்தத்தில் கரைந்து நுரையீரல் வழியே மூச்சோடு வெளிவரும். அபூர்வமாகச் சிலருக்கு மட்டும் வாயு குடல் சுவருக்குள்ளேயே புகுந்து தங்கிவிடுகிறது. நியூமடோசிஸ் சிஸ்டாய்டிஸ் இன்டெஸ்டினாலிஸ் என்கிறார்கள். கொலோனோஸ்கோபியில் பார்த்தால் திண்டுக்கல் பக்கத்து வெள்ளோட்டுப் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சைக் கொத்து மாதிரி மொக்கு மொக்காகத் தெரியும். ஊசியால் குத்தினால் பொசுக்கென்று அமுங்கிவிடும்.

எப்படிப் புகுந்தது? குடலின் உள்தோல் கிழிந்த இடத்தில் அழுத்தத்தால் நுழைந்தது என்பது ஒரு கட்சி. நுரையீரலில் காற்றறை வெடித்து, ரத்தக்குழாய்களை ஒட்டியே வயிற்றுக்கு இறங்கியது என்பது இன்னொன்று. பாக்டீரியாவே காரணம் என்பவர்களின் கைச்சான்று, கொப்புளங்களுக்குள் கிடைக்கும் ஏராளமான ஹைட்ரஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

1952இல் காஸ் என்பவர் 213 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார். சுமார் 85 சதவீதம் பேருக்கு வேறொரு நோயும் இருந்தது. ஆக, கொப்புளம் பெரும்பாலும் துணைக்கு வருவது. கூட வந்தது யார் என்று பார்ப்பதில்தான் வைத்தியம் இருக்கிறது.

சில சமயம் கொப்புளம் வெளிப்பக்கம் வெடித்து, வாயு வயிற்றறைக்குள் பரவும். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தால் உதரவிதானத்தின் கீழ் கருப்புப் பிறையாகத் தெரியும். குடல் ஓட்டையானாலும் படம் இப்படித்தான் இருக்கும். ஆனால் கொப்புளம் மட்டும் வெடித்த ஆள் எழுந்து நடப்பார், வயிறு மெத்தென்று இருக்கும், காய்ச்சல் இருக்காது. படத்தை மட்டும் நம்பிக் கத்தியை எடுத்தால் வீண் அறுவைதான். குடல் சுவரில் அதே வாயு, ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகுவதால் வந்திருந்தால், அல்லது குறைமாதக் குழந்தையின் குடலில் தெரிந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

சாதுவான வகைக்கு 1973இல் லான்செட் இதழில் ஃபோர்காக்ஸ் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள்: ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பது. ரத்தத்தில் நைட்ரஜன் முதலிய வாயுக்களின் அழுத்தம் குறைவதால், கொப்புளத்துக்குள் இருப்பது ரத்தத்துக்குக் கசிந்து மூச்சோடு வெளியேறும். உள்ளே வரும் ஆக்சிஜனை உடல் செலவழித்துவிடும். கொப்புளம் வற்றும்.

மாத்திரையால் வந்ததாக இருந்தால் அதை நிறுத்தினாலே பலருக்குச் சரியாகிவிட்டதாகப் பதிவுகள் உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கோ வேறெங்கோ வயிற்றைக் காட்டப் போகும்போது, வீட்டிலிருக்கும் சர்க்கரை மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வையுங்கள்.