குழியில் பிறந்த புதுப்பாட்டு

தியானப் பகுதி: சங்கீதம் 40



நாற்பதாம் சங்கீதத்தை நாம் பெரும்பாலும் முதல் மூன்று வசனங்களோடு நிறுத்திவிடுகிறோம். தாவீது பொறுமையோடு காத்திருந்தார். கர்த்தர் அவரைக் குழியிலிருந்து தூக்கி, கால்களைக் கன்மலையின்மேல் நிறுத்தினார். அவர் வாயில் ஒரு புதுப்பாட்டைத் தந்தார். சாட்சி சொல்வதற்கு ஏற்ற வசனங்கள் அவை. ஆனால் அதே சங்கீதத்தின் கடைசி வசனத்தையும் வாசித்துப் பாருங்கள். ஒருமுறை தூக்கியெடுக்கப்பட்ட அந்த மனிதர் மறுபடியும் எளியவராக நின்று, தாமதிக்க வேண்டாம் என்று தேவனிடம் மன்றாடுகிறார். குழி ஒன்றோடு முடிந்துவிடவில்லை. காத்திருப்பும் ஒருமுறையோடு தீர்ந்துவிடவில்லை.

இந்தச் சங்கீதத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருசேர வாழ்ந்து பார்த்த ஓர் இசை ஊழியரின் வரலாற்றை இந்த வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் தாமஸ் ஆண்ட்ரூ டார்சி. கறுப்பின மக்களின் காஸ்பல் இசைக்குத் தந்தை என்று இன்று அவர் போற்றப்படுகிறார்.

1899ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வில்லா ரிக்கா என்னும் சிற்றூரில் டார்சி பிறந்தார். அந்நாட்டில் அடிமைமுறை ஒழிந்து முப்பத்துநான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. தகப்பனார் ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கித்தவர். ஜீவனத்துக்காகப் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர். தாயார் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பிழைப்பைத் தேடிக் குடும்பம் அட்லாண்டா நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் டார்சி பள்ளியை விட்டு நின்று, ஒரு நாடகக் கொட்டகையில் பானங்கள் விற்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பியானோ வாசித்தவர்களின் விரல்களை உற்றுப் பார்த்தே அந்தக் கலையைக் கற்றுக்கொண்டார்.

வாலிபத்தில் அவர் சிகாகோவுக்குச் சென்றார். துயரத்தையும் காதலையும் பாடும் ப்ளூஸ் இசை அங்கே அவருக்குச் சோறு போட்டது. 1921ஆம் ஆண்டு பாப்திஸ்து சபைகளின் தேசிய மாநாட்டில் ஒருவர் பாடிய பாட்டு அவர் இருதயத்தைத் தொட்டது. தாமும் தேவனுக்கென்று பாட வேண்டும் என்று அப்போது தீர்மானித்தார். ஆனால் அந்தத் தீர்மானம் நிலைக்கவில்லை. ஆலயத்தில் வருமானம் இல்லை, மேடையில் இருந்தது. 1924 முதல், புகழின் உச்சியில் இருந்த மா ரெய்னி என்னும் பாடகியின் குழுவில் பியானோ வாசித்தார். மறு ஆண்டில் நெட்டி என்ற பெண்ணை மணந்தார்.

1926இல் ஒரு குழி வந்தது. கடுமையான மனச்சோர்வு அவரைப் பிடித்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவரால் வேலை செய்ய முடியவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்றுகூட எண்ணினார். மனைவி வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காத்தார். மனைவியின் உறவினர் ஒருவர் அவரை ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஓர் ஊழியர் அவருக்காக ஜெபித்து, கர்த்தருக்காக நீர் செய்ய வேண்டிய வேலை மிகுதியாக இருக்கிறது என்று திடப்படுத்தினார். டார்சி எழுந்து நடந்தார். பாடல்களும் பிறக்கத் தொடங்கின.

கதை இங்கே முடிந்திருந்தால் அது அழகான சாட்சியாக இருந்திருக்கும். ஆனால் பாடல் எழுதுவது ஒன்று, அதைப் பாட ஆள் கிடைப்பது வேறொன்று. அவர் பாடல்களை வெளியிட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. ஆகவே தாமே அவற்றை அச்சிட்டார். ஐந்து டாலர் கடன் வாங்கி, தபால்தலை ஒட்டி, ஒரே பாடலின் 500 பிரதிகளை நாடெங்கும் உள்ள சபைகளுக்கு அனுப்பினார். ஆண்டுகள் கடந்தும் ஒருவரும் ஒரு பிரதிகூடக் கேட்டு எழுதவில்லை என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆலயக் கதவுகள் மூடியிருந்ததற்குக் காரணம் இருந்தது. சிகாகோவின் பெரிய கறுப்பின சபைகள் ஐரோப்பிய சங்கீத மேதைகளின் இசையைப் பயிற்சியோடு பாடுவதையே கண்ணியம் என்று கருதின. டார்சியின் பாடலிலோ ப்ளூஸ் இசையின் அசைவும் ஏக்கமும் இருந்தன. கைதட்டிப் பாடும் இந்த ஓசை ஆராதனைக்கு அடுக்காது என்று பல போதகர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபக்கம் உலகம் அவரை வரவேற்றது. 1928இல் டாம்பா ரெட் என்னும் கலைஞரோடு அவர் பதிவுசெய்த ஒரு ப்ளூஸ் பாடல் அமோகமாக விற்பனையானது. உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அவர் தடுமாறினார். ஒரு கையில் பரிசுத்த பாடல், மறு கையில் மேடைப் பாடல் என்று சில ஆண்டுகள் சென்றன.

1930ஆம் ஆண்டு சிகாகோவில் பாப்திஸ்து சபைகளின் தேசிய மாநாடு கூடியது. அங்கே அவருடைய பாடல் பாடப்பட்டபோது மக்கள் ஆர்ப்பரித்தார்கள்; ஆயிரக்கணக்கான பிரதிகள் விற்றன. 1932இல் சிகாகோவின் பில்கிரிம் பாப்திஸ்து சபை, பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அவர் ப்ளூஸ் மேடையை விட்டு முழுவதும் விலகினார். கன்மலையின்மேல் கால் நின்றுவிட்டது என்றுதான் எவரும் எண்ணியிருப்பார்கள்.

அதே 1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியை வீட்டில் விட்டு, செயின்ட் லூயிஸ் நகரில் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் பாடச் சென்றார் டார்சி. கூட்டத்தின் நடுவே அவர் கையில் ஒரு தந்தி கொடுக்கப்பட்டது. மனைவி இறந்துவிட்டார். விரைந்து வீடு திரும்பியவர் பிறந்திருந்த ஆண் குழந்தையைக் கண்டார். சில மணி நேரத்தில் குழந்தையும் மரித்தது. தாயையும் மகனையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.

பிரியமானவர்களே, இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அவர் பாவத்தில் திரிந்தபோது அல்ல, ஊழியத்தில் நின்றபோது அந்தத் தந்தி வந்தது. மேடையை உதறிவிட்டு ஆலயத்தைத் தெரிந்துகொண்ட ஆண்டிலேயே வந்தது. தேவன் தமக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று டார்சி எண்ணினார். இனி அவருக்கென்று பாடப்போவதில்லை, பழைய இசைக்கே திரும்பிவிடலாம் என்றும் நினைத்தார். இதை அவர் மறைக்கவில்லை. பின்னாளில் சாட்சி சொன்னபோதெல்லாம் சேர்த்தே சொன்னார்.

சில நாட்களுக்குப் பின், தியோடர் ஃபிரை என்ற இசை நண்பர் அவரைத் தேடி வந்து, பியானோ இருந்த ஓர் அறைக்கு அழைத்துச் சென்றார். டார்சியின் விரல்கள் பழைய ஞானப்பாட்டு ஒன்றின் ராகத்தைத் தடவின. அந்த ராகத்தின்மேல் புதிய வார்த்தைகள் வந்து அமர்ந்தன. தம் கையைப் பிடித்து நடத்தும்படி ஆண்டவரை வேண்டும் எளிய விண்ணப்பம் அது. ‘டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட்’ என்று உலகம் அறிந்த பாடல் அப்படியே பிறந்தது.

தாவீதின் வாயில் புதுப்பாட்டு குழியை விட்டு ஏறியபின் வந்தது. டார்சிக்கோ அது குழிக்குள் இருக்கும்போதே வந்தது. அந்தப் பாடலில் வெற்றி முழக்கம் இல்லை. ஏன் என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை. நடக்கத் திராணியற்ற ஒருவன் கையை மட்டும் நீட்டுகிறான். சங்கீதத்தின் கடைசி வசனத்தில் தாவீது நிற்கும் இடமும் அதுவே.

அதன்பின் அறுபது ஆண்டுகள் டார்சி வாழ்ந்தார். தமக்கென்று ஒரு பதிப்பகத்தை நிறுவினார். சாலி மார்ட்டின் என்ற பாடகி உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து காஸ்பல் பாடகர் குழுக்களுக்கென ஒரு தேசிய மாநாட்டை ஏற்படுத்தினார். மஹாலியா ஜாக்சன் என்னும் மாபெரும் பாடகியோடு ஊர் ஊராய்ச் சென்றார். ஒருகாலத்தில் விரட்டிய சபைகளில் அவர் பாடல்கள் ஒலித்தன. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி மெம்பிஸ் நகரில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்படுவதற்குச் சற்று முன்பு, அன்றிரவுக் கூட்டத்தில் இந்தப் பாடலை வாசிக்கும்படி ஓர் இசைக் கலைஞரைக் கேட்டுக்கொண்டார். அவருடைய அடக்க ஆராதனையில் மஹாலியா ஜாக்சன் அதைப் பாடினார். ஒரு தகப்பனின் தனித் துக்கத்தில் பிறந்த விண்ணப்பம், ஒரு ஜனத்தின் துக்கத்தைத் தாங்கும் பாடலாயிற்று. 1993 ஜனவரியில், 93ஆம் வயதில் டார்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

உங்களில் சிலர் பதில் வராத கடிதங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளைக்காக ஏறெடுத்த ஜெபம், ஞாயிறு பள்ளியில் நால்வருக்கு நடத்திய பாடம், யாரும் கேட்காத பாடல் ஆகியவை அந்த 500 பிரதிகளைப் போன்றவை. சோர்ந்துபோகாமல் நன்மை செய்கிறவர்கள் ஏற்ற காலத்தில் அறுப்பார்கள் என்று கலாத்தியருக்கு எழுதிய பவுல் அப்போஸ்தலர் அந்தக் காலத்தின் தேதியைக் குறித்துத் தரவில்லை.

வேறு சிலர் தந்தி வந்த இடத்தில் நிற்கிறீர்கள். உங்களுக்கு விசுவாசம் போதாது என்று எவரேனும் சொன்னால் கலங்காதீர்கள். நீட்டிய கையும் விசுவாசமே. மனம் இருண்டிருந்தால் தனித்திராதீர்கள். டார்சியையும் ஒருவர் ஆலயத்துக்கும், இன்னொருவர் பியானோவுக்கும் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. மருத்துவரிடமோ, சபையில் ஒருவரிடமோ வாய் திறந்து பேசுங்கள்.

சபையாக நமக்கும் ஒரு கேள்வி உண்டு. பாமாலையா, கீர்த்தனையா, கிட்டாரா என்று நாமும் வழக்காடியிருக்கிறோம். தாமே பாடல் எழுதி, தம் செலவில் பதிவுசெய்து, தயக்கத்தோடு நம் வாசலில் வந்து நிற்கும் வாலிபரை, ஓசை பழக்கமில்லை என்பதற்காக மட்டும் திருப்பி அனுப்புகிறோமா? நாளை நம் துக்க வீட்டில் நாம் பாடப்போகும் பாடல் அவர் கையில் இருக்கக்கூடும்.

ஜெபம்: எங்கள் கையைப் பிடித்திருக்கிற ஆண்டவரே, நாங்கள் உம்மைப் பற்றிக்கொள்ளப் பெலனற்றுப் போகும்போதும் நீர் எங்களை விடாதிரும். பதில் காணாமல் விதைக்கிறவர்களைத் திடப்படுத்தும். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு உம்முடைய வேளையில் ஒரு பாட்டைத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.