மூன்று ஞாயிறு வாசித்த ஓலை
(சபையும் சட்டமும்: வரலாற்றுத் தொடர், பகுதி 6)

2001 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை. டொரான்டோ நகரின் சிம்ப்சன் அவென்யூவில் இருக்கும் தேவாலயத்தில் இரண்டு திருமணங்கள் நடக்கப்போகின்றன. நடத்தி வைக்க வேண்டிய போதகர் பிரென்ட் ஹாக்ஸ் தயாராகிறார். அங்கிக்குள் அவர் அணிந்திருப்பது குண்டு துளைக்காத கவசம்.

கல்யாணம் செய்து வைக்கும் போதகருக்குக் கவசம் எதற்கு? சென்ற வாரம் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. 1973 ஜூன் 24 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஒரு மாடி மதுக்கூடம் எரிந்து 32 பேர் மாண்டதைப் பார்த்தோம். அவர்களில் பலர் மெட்ரோபாலிடன் கம்யூனிட்டி சர்ச்சின் உறுப்பினர்கள். அங்கிருந்த அவர்களுடைய போதகரும் கருகிப்போனார். செத்தவர்களுக்காக ஜெபிக்கக்கூட அந்த ஊரில் பல ஆலயங்கள் கதவைத் திறக்கவில்லை. தன்பாலீர்ப்பு கொண்டவர் என்பதற்காகப் பெந்தெகொஸ்தே ஊழியத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ட்ராய் பெரி, 1968 அக்டோபர் 6-ல் தன் வீட்டுக் கூடத்தில் 12 பேரோடு தொடங்கிய திருச்சபை அது. அதன் டொரான்டோ கிளைக்குத்தான் ஹாக்ஸ் போதகர்.

ஹாக்ஸ் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்காரர். பாப்டிஸ்ட் வளர்ப்பு. 1981 பிப்ரவரி 5 இரவு டொரான்டோ போலீஸ், தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் குளியலகங்களுக்குள் புகுந்து ஏறக்குறைய 300 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. சுயேச்சையான விசாரணை வேண்டும் என்று கேட்டு ஹாக்ஸ் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். பைபிளைக் கையில் எடுத்தவர் அதை ஒருநாளும் கீழே வைக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். தன்பாலினத் திருமணத்தின் வரலாற்றை மதம் ஒரு பக்கம், மனித உரிமை மறுபக்கம் என்று இரண்டாகப் பிளந்து சொல்லிவிடுகிறார்கள். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்தப் போரில் இரண்டு பக்கமும் ஜெபித்துவிட்டுத்தான் களத்தில் இறங்கினார்கள்.

அன்று ஆலயத்தில் நின்ற இரண்டு இணையரில் ஒன்று கெவின் பூராசா, ஜோ வார்னெல் என்ற ஆண்கள். மற்றது எலெய்ன் வோட்டூர், ஆன் வோட்டூர் என்ற பெண்கள். கனடாவில் அப்போது இப்படி ஒரு திருமணத்துக்கு இடமே கிடையாது. திருமணம் என்பது ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்வதே என்று 1999 ஜூனில்தான் நாடாளுமன்றம் 216க்கு 55 என்ற கணக்கில் தீர்மானம் போட்டிருந்தது. நகர அலுவலகத்தில் விண்ணப்பித்தால் உரிமம் வராது. பிறகு எந்தத் தைரியத்தில் ஹாக்ஸ் தேதி குறித்தார்?

பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ ஞாயிறு ஆராதனைக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு ஓலை வாசிப்பது தெரியும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் சபை முன்னால் அறிவிப்பார். அடுத்தடுத்து மூன்று வாரம் வாசிப்பு நடக்கும். ஒருவரும் எழுந்து நிற்காவிட்டால் கல்யாணம். இந்த வழக்கத்தை மேற்குத் திருச்சபை முழுவதற்கும் சட்டமாக்கியது 1215-ல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம். ரகசியத் திருமணங்களைத் தடுப்பதும், நெருங்கிய ரத்த உறவில் கல்யாணம் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதன் நோக்கம். சபையார் எல்லோர் காதிலும் விழட்டும், தெரிந்தவன் சொல்லட்டும் என்ற ஏற்பாடு.

அந்த ஓலை இங்கிலாந்து வழியாகக் கனடாவுக்குக் கப்பலேறியது. அங்கே யார் கல்யாணம் செய்து வைக்கலாம் என்பதிலேயே திருச்சபைகளுக்குள் பெரிய அடிதடி நடந்திருக்கிறது. இன்று ஒன்டாரியோ என்கிறோமே, அன்றைய அப்பர் கனடா, அங்கே முதலில் புராட்டஸ்டண்ட் போதகர்களில் ஆங்கிலிக்கன் குருமாருக்கு மட்டுமே கல்யாணம் கட்டிவைக்கும் உரிமை இருந்தது. 1798-ல் லுத்தரன்களுக்கும் கால்வின் வழி வந்தவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போதகர்கள் 1831 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘உன் சபையில் நடந்தது கல்யாணமே இல்லை’ என்று ஒரு கிறிஸ்தவர் இன்னொரு கிறிஸ்தவரைப் பார்த்துச் சொல்வது அந்த மண்ணில் பழைய கதை. பாப்டிஸ்டாக வளர்ந்த ஹாக்ஸுக்கு அது தன் முன்னோர் பட்ட பாடும்கூட.

2000-ம் ஆண்டில் ஒன்டாரியோவின் திருமணச் சட்டத்தை வரிவரியாகப் படித்தவர்கள் கண்ணில் இரண்டு சங்கதிகள் பட்டன. திருமணத்துக்கு வழி இரண்டு. ஒன்று, நகர அலுவலகத்தில் உரிமம் வாங்குவது. மற்றது, தேவாலயத்தில் ஓலை வாசிப்பது. இரண்டாவது வழியில் அரசாங்க எழுத்தரிடம் போய் நிற்கவே வேண்டாம். அடுத்த சங்கதி இன்னும் முக்கியமானது. வயதுவந்த எவரும் இந்த இரண்டில் ஒரு வழியில் மணமுடிக்கலாம் என்றுதான் அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு சொல்கிறது. ஆண், பெண் என்ற பேச்சே அதில் இல்லை.

அப்படியானால் தடை எங்கே ஒளிந்திருந்தது? 1866-ல் லண்டனில் வந்த ஒரு தீர்ப்பில். மோர்மன் மதத்தில் சேர்ந்து யூட்டாவில் மணமுடித்து, பிறகு அந்த மதத்தை விட்டு வந்த ஒருவர் விவாகரத்து கேட்டார். பலதார மணத்தை ஏற்கும் சமயத்தில் நடந்த கல்யாணத்தை இங்கிலாந்துச் சட்டம் கல்யாணமாக எடுத்துக்கொள்ளுமா என்பது வழக்கு. நீதிபதி பென்சான்ஸ் பிரபு, கிறிஸ்தவ உலகம் புரிந்துகொண்டபடி திருமணம் என்றால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஆயுள் முழுக்கச் சேர்ந்திருப்பது என்று வரையறுத்தார். மோர்மன்களை வெளியே நிறுத்தப் போட்ட வேலி, 135 ஆண்டு கழித்துக் கனடாவில் தன்பாலினத்தவர் வழியை மறித்து நின்றது.

2000 டிசம்பரில் டொரான்டோ ஆலயத்தில் ஓலை வாசிப்பு தொடங்கியது. இரண்டு இணையரின் பெயர்களையும் ஹாக்ஸ் சபை முன்னால் உரக்கச் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் குவிந்தார்கள், மிரட்டல்களும் வந்தன. மூன்று ஞாயிறு வாசித்து முடித்தாயிற்று. ஜனவரி 14 அன்று, கவசத்தின் மேல் அங்கியோடு, அவர் இரண்டு திருமணங்களையும் நடத்தி வைத்தார். சபைப் பதிவேட்டில் எழுதினார், இணையருக்குச் சான்றிதழ் கொடுத்தார், சட்டப்படி அனுப்ப வேண்டிய ஆவணங்களை மாகாணத் தலைமைப் பதிவாளருக்கு அனுப்பினார்.

பதிவாளர் ஏற்க மறுத்தார். மத்திய அரசின் சட்டம் இதைத் தடுக்கிறது, பதிய முடியாது என்று சொல்லிவிட்டார். திருச்சபை நீதிமன்றப் படியேறியது.

இதற்கிடையில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் வேறொன்று நடந்தது. 2001 ஏப்ரல் 1. நள்ளிரவு தாண்டியதும் ஆம்ஸ்டர்டாம் நகர மேயர் யோப் கோஹென் நான்கு இணையருக்குத் திருமணம் செய்து வைத்தார். புதிய நெதர்லாந்துச் சட்டம் அன்றுதான் அமலுக்கு வந்தது. உலகின் முதல் சட்டபூர்வ தன்பாலினத் திருமணங்கள் என்று செய்தி பரவியது. டொரான்டோவின் இரண்டு சான்றிதழ்களும் அவற்றுக்கு ஏறக்குறைய பதினோரு வாரம் மூத்தவை. ஆனால் பதிவேட்டில் ஏறாத கல்யாணத்தை யார் கணக்கில் எடுப்பார்கள்?

ஹாக்ஸின் திருச்சபை தொடுத்த வழக்கும், உரிமம் மறுக்கப்பட்ட வேறு சில இணையர் தொடுத்த வழக்கும் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. அந்த நீதிமன்றத்தில் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். திருமணத்துக்கும் குடும்பத்துக்குமான பல்சமயக் கூட்டணி என்ற பெயரில் எதிர்த்து வந்தவர்களில் கத்தோலிக்க அமைப்பும் இவாஞ்சலிக்கல் அமைப்பும் வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கமும் இருந்தன. நூற்றாண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பொருதிய சமயங்கள் இந்த ஒரு விஷயத்துக்காக ஒரே மனுவில் கையெழுத்திட்டன. திருமணம் அரசுக்கு முந்தியது, அதன் பொருளை மாற்ற நீதிபதிகளுக்கு உரிமை இல்லை என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையான பயமும் இருந்தது. நாளை எங்கள் குருவும் இமாமும் இப்படிக் கல்யாணம் நடத்தியே தீர வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

எதிர்வரிசையில் ஹாக்ஸின் திருச்சபை. அதற்குப் பக்கபலமாக, தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் யூத ரபிகளின் கூட்டமைப்பு. இவர்களும் மதச் சுதந்திரத்தையே கேட்டார்கள்: எங்கள் விசுவாசப்படி நாங்கள் நடத்தும் திருமணத்தை அரசு ஏன் அங்கீகரிக்க மறுக்கிறது? மற்ற சபையின் ஓலை செல்லும், எங்கள் ஓலை செல்லாதா?

2002 ஜூலை 12 அன்று மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பழைய வரையறை அரசமைப்புக்கு விரோதமானது என்பதில் மூவரும் ஒன்று. ஆனால் அடுத்து என்ன என்பதில் பிரிந்தார்கள். பூர்வகுடியில் பிறந்த நீதிபதி ஹாரி லாஃபோர்ம் உடனே மாற்றுவோம் என்றார். கடைசியில் நாடாளுமன்றத்துக்கு 24 மாத அவகாசம் என்று முடிந்தது. வென்றவர்கள் கையில் ஒன்றும் வரவில்லை. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது.

2003 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ராய் மெக்மர்ட்ரியும் இரண்டு நீதிபதிகளும் தீர்ப்பை வெளியிடுகிறார்கள். திருச்சபைக்கு அதில் ஓர் அடி காத்திருந்தது. அவர்களுடைய மதச் சுதந்திர வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் ஆலயத்தில் நீங்கள் நடத்தும் சடங்கை யாரும் தடுக்கவில்லையே, இங்கே பேச்சு சட்டத்தின் கண்ணில் எது திருமணம் என்பது மட்டும்தான் என்று மூவரும் சொல்லிவிட்டார்கள்.

எதைப் பிடித்துக்கொண்டு ஹாக்ஸ் கவசம் அணிந்து நின்றாரோ, அந்த வாதம் போயிற்று. சமத்துவ உரிமை என்ற வாதம் மீதி இருந்தது. தலைமைப் பதிவாளர் ஏற்க மறுத்த 2001 ஜனவரி 14 தேதியிட்ட இரண்டு சான்றிதழ்களைப் பற்றிய முடிவும் அதே தீர்ப்பில் இருந்தது. செல்லும் என்று நீதிபதிகள் சொன்னால், ஆம்ஸ்டர்டாமின் நள்ளிரவு இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். செல்லாது என்றால், அந்த நான்கு பேரும் புதிதாக வரிசையில் நிற்க வேண்டும்.

தீர்ப்பின் கடைசிப் பகுதியில் பதிவாளருக்கு ஓர் உத்தரவு இருந்தது...

(அடுத்த வாரம்: அந்த உத்தரவும், அன்று மாலைக்குள் டொரான்டோ நீதிமன்ற வளாகத்தில் நடந்த கல்யாணமும், ஜூலை 31 அன்று வாடிகனிலிருந்து வந்த பதிலும்)