முன்சூல்வலிப்பில் நோய் எதிர்ப்பு அணுக்களும் அழற்சியும்

முன்சூல்வலிப்பு என்பது கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பின் புதிதாகத் தோன்றும் உயர் ரத்த அழுத்த நோய். பிரீ-எக்ளாம்ப்சியா என்றும் கூறுவர். ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருக்கும்; அத்துடன் சிறுநீரில் புரதம் வெளியேறும், அல்லது சிறுநீரகம், கல்லீரல், மூளை போன்ற உறுப்புகள் பாதிக்கப்படும். உலக அளவில் 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இந்நோய்க்கு உள்ளாகின்றன.

இயல்பான கர்ப்பத்தில்

கருவின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை; தாயின் உடலுக்கு அவை அந்நியமானவை. ஆயினும் தாயின் உடல் கருவை ஏற்றுக்கொள்ள, நோய் எதிர்ப்பு வினையைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் துணைநிற்கின்றன. முதல் மூன்று மாதங்களில் கருப்பை உட்படலத்திலுள்ள வெள்ளணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இயற்கைக் கொல்லி அணுக்கள். இவை கருவைத் தாக்குவதில்லை. நஞ்சுக்கொடி அணுக்களுடன் சேர்ந்து, கருப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகளின் தசைச் சுவர் கரைந்து அவை அகன்ற குழாய்களாக மாற உதவுகின்றன. அதனால் நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் பாய்கிறது.

நோய் உருவாகும் விதம்

சுருள் தமனிகளின் இந்த மாற்றம் அரைகுறையாக நின்றால் அவை குறுகலாகவே இருந்துவிடும். சில தமனிகளின் சுவரில் கொழுப்பு நிரம்பிய பெருவிழுங்கணுக்கள் அடைந்திருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். போதிய ரத்தம் கிடைக்காத நஞ்சுக்கொடி, எஸ்எஃப்எல்டி-1 என்னும் புரதத்தை மிகுதியாகத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அது ரத்தக்குழாய் உட்சுவரின் நலம் காக்கும் வளர்ச்சிக் காரணிகளை முடக்குகிறது. ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் குறைய, அழற்சியைத் தூண்டும் டிஎச்-17 அணுக்கள் பெருகுகின்றன. டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 ஆகிய அழற்சிப் புரதங்கள் உயர்கின்றன. குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது.

சோதனைச் சான்று

கருவுற்ற எலிகளின் கருப்பைக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைத்தால் அவற்றின் ரத்த அழுத்தம் உயரும். அவற்றிலிருந்து எடுத்த சிடி4 என்னும் வகை டி அணுக்களை நலமான கர்ப்பிணி எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் அழுத்தம் உயர்ந்தது. நோயின் விளைவாகத் தோன்றும் அழற்சி, நோயை வளர்க்கும் காரணமாகவும் ஆகிறது என்பதற்கு இது வலுவான சான்று.

சிகிச்சை

குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியேறுவதே நோய்க்கு அடிப்படைத் தீர்வு. நோய் முற்றினால் வரக்கூடிய வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் தரப்படுகிறது. ஆபத்து மிகுந்தவர்களுக்கு மருத்துவர் அறிவுரையுடன் கர்ப்பத்தின் 16ஆவது வாரத்துக்குள் தொடங்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. இந்நோய் கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் ஆபத்து கூடுதல். ஆகவே பிரசவத்தோடு கவனிப்பை நிறுத்தாமல், ஆண்டுதோறும் அவர்களின் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பது இன்றியமையாதது.