லிங்க்ட்இன் ஒன்று சொல்லி, பிஎஃப் கணக்கு வேறு சொன்னால்? வேலை தேடுபவர்களுக்கு ஒரு விளக்கம்

டெல்லி ஐஎன்ஏ மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது கிழக்கு கிட்வாய் நகர். பழைய அரசுக் குடியிருப்பை இடித்துவிட்டு எழுப்பிய அடுக்குமாடிகளும் அலுவலகக் கட்டடங்களும் நிறைந்த பகுதி. அதில் இரண்டாவது அலுவலக பிளாக்கில்தான் இபிஎஃப்ஓ, அதாவது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தலைமை அலுவலகம் இயங்குகிறது.

சென்னையிலோ கோவையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து லிங்க்ட்இன்னில் வேலை தேடும் ஒருவருக்கும் இந்த அலுவலகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கு. லிங்க்ட்இன்னில் உங்கள் வேலை வரலாற்றை நீங்களே எழுதுகிறீர்கள். இபிஎஃப்ஓ-வில் உங்கள் கம்பெனிகள் எழுதுகின்றன. இன்டர்வியூ வரைக்கும் உங்களைக் கொண்டுபோவது முதலாவது. ஆஃபர் லெட்டர் கையில் நிற்குமா என்பதை முடிவு செய்வதில் இரண்டாவதுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், எல்லா ரவுண்டும் ஜெயித்த பிறகும் சிக்கல் வரலாம்.

ரெக்ரூட்டர் உங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

இந்தியாவில் இணையம் வழி வேலை தேடுவது புதிதல்ல. நௌக்ரி தளம் 1997-ல் வந்தது. லிங்க்ட்இன் 2003 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இன்று அமெரிக்காவுக்கு அடுத்து லிங்க்ட்இன்னுக்கு அதிக உறுப்பினர்கள் இருப்பது இந்தியாவில்தான். எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது.

இத்தனை பேரில் ஒருவரைத் தேடும் ரெக்ரூட்டர், ப்ரொஃபைல்களை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. பதவியின் பெயர், திறன், ஊர், அனுபவ ஆண்டுகள், இப்போதைய கம்பெனி என்று ஃபில்டர் போடுகிறார். அந்தச் சொற்கள் உங்கள் ப்ரொஃபைலில் இல்லையென்றால், எவ்வளவு திறமை இருந்தாலும் அவர் கண்ணில் பட மாட்டீர்கள். "டேட்டா நிஞ்சா" என்று கவர்ச்சியாக எழுதுவதைவிட "டேட்டா அனலிஸ்ட்" என்று நேராக எழுதுவது நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

"ஓபன் டு ஒர்க்" வசதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரியும் பச்சை வளையம். இன்னொன்று, ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் இப்போதைய கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்கு அதைக் காட்டாமல் இருக்க லிங்க்ட்இன் முயற்சி செய்யும். ஆனால் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றும் அதுவே சொல்கிறது. மேனேஜருக்குத் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

யாரிடம் கேட்டால் வேலை கிடைக்கும்?

நெருங்கிய நண்பர்களிடம்தான் முதலில் கேட்போம். ஆனால் ஆய்வுகள் வேறு பக்கம் கை காட்டுகின்றன.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். நெருங்கிய உறவுகளைவிட, அவ்வப்போது மட்டும் பேசும் பழக்கமே புதிய தகவல்களைக் கொண்டுவருகிறது என்பது அவர் வாதம். காரணம் எளிது: உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த வேலைகள் ஏற்கெனவே உங்களுக்கும் தெரிந்திருக்கும். எப்போதோ கூட வேலை பார்த்தவர் வேறொரு வட்டத்தில் இருப்பார்.

கிட்டத்தட்ட 50 ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதை லிங்க்ட்இன் தரவுகளை வைத்துச் சோதித்தது. "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று தளம் காட்டும் பரிந்துரைகளை மாற்றி மாற்றிக் காட்டி, 5 ஆண்டுகளில் சுமார் 2 கோடி பயனர்களிடம் நடந்த சோதனைகளின் முடிவு அது. புது வேலைக்கு மாற அதிகம் உதவியவர்கள் நெருங்கிய நண்பர்களும் இல்லை, முன்பின் தெரியாதவர்களும் இல்லை. ஓரளவு பொது நண்பர்கள் உள்ள, ஆனால் அடிக்கடி பேசாத நபர்கள்தான். டிஜிட்டல் சார்ந்த துறைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அப்படின்னா என்ன செய்யலாம்? காலேஜ் சீனியர், முந்தைய ப்ராஜெக்ட்டில் கூட இருந்த அக்கா, வேறு டீமுக்குப் போன அண்ணா ஆகியோருக்கு எழுதுங்கள். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்காமல், எந்தப் பதவி, எந்த ஊர், எத்தனை ஆண்டு அனுபவம் என்று மூன்று வரியில் சொல்லி, ரெஸ்யூமேவையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் அதை அப்படியே தன் ஹெச்ஆருக்கு ஃபார்வர்ட் செய்யும்படி இருக்க வேண்டும்.

பிஎஃப் கணக்கு எங்கே உள்ளே வருகிறது?

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் பெரும்பாலான நிறுவனங்கள் பிஎஃப் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2014 அக்டோபரில் யூஏஎன் என்ற 12 இலக்க எண் அறிமுகமானது. எத்தனை கம்பெனி மாறினாலும் எண் ஒன்றுதான். அந்த எண்ணுக்குக் கீழே, எந்த நிறுவனத்தில், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது வெளியேறினீர்கள் என்பது "சர்வீஸ் ஹிஸ்டரி" என்ற பெயரில் வரிசையாக இருக்கும்.

பின்னணி சரிபார்ப்பில் இது அதிகம் பயன்படுவதற்குக் காரணம், வேலை பார்ப்பவர் தன் விருப்பத்துக்கு இதை எழுத முடியாது என்பதுதான். அனுபவச் சான்றிதழைப் போலியாகத் தயாரிக்கலாம். மாதாமாதம் பணம் கட்டிய பதிவைத் தயாரிப்பது கஷ்டம். கூடவே வருமான வரியின் ஃபார்ம் 26ஏஎஸ்-ஐயும் சில நிறுவனங்கள் கேட்கின்றன. சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்த நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும்.

தப்பே செய்யாதவர்களுக்கும் ஏன் முட்டுகிறது?

பொய் சொன்னவர்கள் மட்டும்தான் மாட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். நேர்மையானவர்களின் பதிவும் பல காரணங்களால் முரண்படும்.

பெயர் வேறு: நீங்கள் எழுதுவது பிராண்ட் பெயர். பிஎஃப் பதிவில் இருப்பது சட்டப்படியான நிறுவனப் பெயர். உதாரணத்துக்கு, நௌக்ரியை நடத்தும் நிறுவனத்தின் பெயர் இன்ஃபோ எட்ஜ்.

சம்பளம் கொடுத்தவர் வேறு: பெரிய கம்பெனியின் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பீர்கள். சம்பளம் போட்டதும் பிஎஃப் கட்டியதும் ஒரு கான்ட்ராக்ட் ஏஜென்சியாக இருக்கும். லிங்க்ட்இன்னில் பெரிய கம்பெனியின் பெயரை மட்டும் போட்டால், சரிபார்ப்பில் "இவர் எங்கள் ஊழியர் இல்லை" என்ற பதில் வரும். "இன்ன ஏஜென்சி மூலமாக" என்று ஒரு வரி சேர்த்தால் பிரச்னை முடிந்தது.

வெளியேறிய தேதி இல்லை: பழைய கம்பெனி அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தது போலத் தெரியும். மூன்லைட்டிங் விவகாரத்துக்குப் பிறகு இது சின்ன விஷயம் இல்லை. 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாக 300 ஊழியர்களை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி அறிவித்தார். அதன்பின் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதை ஹெச்ஆர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

பதிவே இல்லை: இன்டர்ன்ஷிப், ஃப்ரீலான்ஸ், கன்சல்டன்ட் வேலைகளுக்குப் பெரும்பாலும் பிஎஃப் இருக்காது. அது தவறில்லை. ஆனால் அதை முழுநேர வேலை போல எழுதினால் கேள்வி வரும்.

சரிசெய்யும் வழியும் இருக்கு. வேலையை விட்டு இரண்டு மாதம் கழிந்த பிறகும் வெளியேறிய தேதி ஏறவில்லை என்றால், யூஏஎன் போர்ட்டலில் நீங்களே பதிவு செய்யலாம். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டு, ஆதாருடன் சரிபார்க்கப்பட்ட யூஏஎன் என்றால், பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி போன்ற பல திருத்தங்களைக் கம்பெனியின் ஒப்புதல் இல்லாமலேயே செய்யும் வசதி 2025 ஜனவரியில் வந்தது. அதற்கு முந்தைய யூஏஎன்-களுக்குப் பழைய கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படும். அந்தக் கம்பெனி மூடப்படும் வரை காத்திருக்காமல் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

பாஸ்புக்கைக் கேட்டால் கொடுத்துவிடலாமா?

கொஞ்சம் யோசியுங்கள். சர்வீஸ் ஹிஸ்டரியும் பாஸ்புக்கும் ஒன்றல்ல. முதலாவதில் நிறுவனமும் தேதிகளும்தான் இருக்கும். பாஸ்புக்கில் மாதாமாதம் கட்டிய தொகையும் இருக்கும். அதை வைத்து உங்கள் சம்பளத்தைக் கணக்கிட முடியும்.

எப்படி? ஊழியரின் பங்கு 12 சதவீதம். மாதம் 3,600 ரூபாய் பிடித்திருந்தால், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 30,000 ரூபாய். பல கம்பெனிகள் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கணக்கிட்டு 1,800 ரூபாய் பிடிக்கும். அங்கே இந்தக் கணக்கு ஓடாது. மற்றபடி, "இப்போ எவ்வளவு வாங்குறீங்க?" என்ற கேள்விக்குப் பாஸ்புக்கே பதில் சொல்லிவிடும்.

வேலை பார்த்த காலத்தை மட்டும் உறுதி செய்ய வேண்டும் என்றால் சர்வீஸ் ஹிஸ்டரி போதும் என்று பணிவாகச் சொல்லலாம். ஓடிபி-யை மட்டும் போனில் யாருக்கும் சொல்ல வேண்டாம். சரிபார்ப்பு நிறுவனம் என்றால், ஒப்புதல் படிவத்தையும் எந்தத் தகவல் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பொதுவில் போட்டதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் ஒருவர் தானாகவே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3-வது பிரிவு சொல்கிறது. சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் பகிர்ந்த தகவலையே உதாரணமாகக் காட்டுகிறது. உங்கள் போன் நம்பர், பிறந்த தேதி, ரெஸ்யூமே பிடிஎஃப் ஆகியவற்றைப் பொதுவில் போடும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொரு கோணம். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் கடந்த 5 ஆண்டு சமூக ஊடகக் கணக்குகளின் விவரம் 2019 முதல் கேட்கப்படுகிறது. 2025 ஜூனில் மாணவர் விசா கேட்பவர்களும், 2025 டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 கேட்பவர்களும் தங்கள் கணக்குகளைப் பொதுவில் வைக்கும்படி சொல்லப்பட்டார்கள். விண்ணப்பத்தில் ஒரு தேதி, லிங்க்ட்இன்னில் இன்னொரு தேதி என்றால், கவுன்ட்டரில் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வேலை தருகிறேன் என்பவரை நீங்கள் எப்படிச் சரிபார்ப்பது?

சரிபார்ப்பு ஒருவழிப் பாதை இல்லை. இது தெரியாமல் போனதற்குத் தமிழ்நாட்டு இளைஞர்கள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். தாய்லாந்தில் "டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்" வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜென்ட்கள் மூலம் ஐ.டி. தெரிந்த இளைஞர்களைக் குறிவைப்பதாக 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. நம்பிப் போனவர்கள் எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, சைபர் மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அப்படி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள்.

உள்ளூரில் நடப்பது, டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் "வீட்டிலிருந்தே பார்ட்-டைம்" மோசடி. முதலில் சின்னச் சின்ன டாஸ்க்குக்குக் காசு தருவார்கள், பிறகு "டெபாசிட்" கேட்பார்கள். இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட தளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது.

சரிபார்க்க உதவுவதும் அதே கிட்வாய் நகர் பதிவுதான். இபிஎஃப்ஓ தளத்தில் "எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்" பகுதியில் கம்பெனியின் பெயரைப் போட்டால், முகவரியும், எந்த மாதம் எத்தனை பேருக்குப் பிஎஃப் கட்டியது என்பதும் தெரியும். "500 பேர் வேலை பார்க்கிறோம்" என்று லிங்க்ட்இன் பக்கத்தில் போட்டுவிட்டு, 12 பேருக்கு மட்டும் கட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள். புதிய சின்ன ஸ்டார்ட்அப் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருப்பது இயல்பு. அதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம்.

நல்ல கம்பெனியின் பெயரில் வேறு யாராவது பேசலாம் என்பதால், மெயில் அந்தக் கம்பெனியின் சொந்த டொமைனிலிருந்து வந்ததா, அதே வேலை அவர்களின் கரியர் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜென்ட் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று தேடுங்கள். பதிவு பெற்றவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே.

விண்ணப்பிக்கும் முன் ஒரு செக்லிஸ்ட்

1. யூஏஎன் போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து, லிங்க்ட்இன், நௌக்ரி, ரெஸ்யூமே மூன்றிலும் உள்ள மாதமும் ஆண்டும் அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

2. இரண்டு யூஏஎன் இருந்தால், பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றுங்கள்.

3. ஏஜென்சி, இன்டர்ன்ஷிப், ஃப்ரீலான்ஸ் எல்லாவற்றையும் அந்தந்தப் பெயரிலேயே எழுதுங்கள்.

4. சரிசெய்ய முடியாத முரண்பாடு இருந்தால், சரிபார்ப்பு தொடங்கும் முன்பே ஹெச்ஆருக்கு மெயிலில் சொல்லி, சம்பள ரசீதையும் ரிலீவிங் லெட்டரையும் இணையுங்கள். நாமாக முன்கூட்டியே சொன்னால் அது விளக்கம். அவர்கள் கண்டுபிடித்த பிறகு சொன்னால் சாக்காகத்தான் தெரியும்.

5. ரிசைன் செய்யும் முன், பின்னணிச் சரிபார்ப்பு முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடியாத நிலையில் பழைய வேலையை விடுவதுதான் பெரிய ரிஸ்க்.

6. வேலைக்காக யாராவது பணம் கேட்டால், அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.