ஹவாய்த் தீவுகளில் ஆறுதற்பணியும் யூக்கலேலேயும்

இசையால் ஆறுதல் அளித்தமைக்குச் சான்றாக நாம் வழக்கமாக எடுத்துக்காட்டுவது, தாவீது சவுலின் முன் சுரமண்டலம் வாசித்த நிகழ்ச்சியே (1 சாமுவேல் 16). அதே நூலின் 18ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிப்போர் சிலரே. அங்கே, தாவீது வாசித்துக்கொண்டிருக்கையிலேயே சவுல் அவன்மேல் ஈட்டியை எறிகிறான். இசை நோய் தீர்க்கும் மந்திரமன்று என்பதைத் திருமறை ஒளிக்கவில்லை. அப்படியாயின் நோயாளியின் படுக்கையருகிலும் துக்க வீட்டிலும் அதற்குரிய இடம் யாது? இதை ஆராய்வதற்கு ஹவாய்த் தீவுகளின் வரலாறும், அங்கு வழங்கும் யூக்கலேலே என்னும் சிறிய நரம்பிசைக் கருவியும் பெரிதும் துணைபுரியும்.

யூக்கலேலே ஹவாயில் தோன்றியதன்று. 1879 ஆகஸ்டு 23ஆம் நாள் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. கடலில் ஏறக்குறைய நான்கு மாதங்களைக் கழித்த அம்மக்கள், தங்கள் ஊரின் சிறிய நான்கு நரம்புக் கருவியையும் உடன் கொண்டுவந்தனர். இரண்டே வாரங்களில், அவர்கள் இரவுதோறும் தெருக்களில் இசைத்து மக்களை மகிழ்விப்பதை ஹொனலூலு செய்தித்தாள் குறிப்பிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் நம் முன்னோரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியதை நாம் அறிவோம். பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்தவனுக்குப் பாட்டு எத்தகைய துணை என்பதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. அக்கப்பலில் வந்த மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஹோசே தோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்னும் மூன்று மரவேலைக்காரர்களே பின்னர் உள்ளூர்க் கோவா மரத்தில் யூக்கலேலே செய்து விற்றனர். கலாக்கவா மன்னரின் ஆதரவால் அக்கருவி அரண்மனையிலும் இடம்பெற்றது. துள்ளும் தெள்ளுப்பூச்சி என்பதே அப்பெயரின் பொருள் எனப் பலர் கூறுவர். மன்னரின் தங்கை லிலியுவோக்கலானியோ, இங்கு வந்து சேர்ந்த கொடை என அதற்குப் பொருள் உரைத்தார். சொல்லாராய்ச்சியாளர் எதை ஏற்பினும், கூலிகளின் கைப்பொருளை ஓர் அரசகுலப் பெண்மணி கொடையெனக் கண்டது சிந்திக்கத்தக்கது.

லிலியுவோக்கலானி நம் சீர்திருத்தச் சபை மரபில் வளர்ந்தவர். கவாயஹாவோ ஆலயத்தின் பாடற்குழுவை நடத்தியவர். பிரிவின்போது இன்றும் பாடப்படும் ‘அலோஹா ஓயே’ 1878இல் அவர் இயற்றியது. 1891இல் அரசியான அவரை 1893இல் அரியணையினின்று இறக்கியவர்களுள் அருட்பணியாளர்களின் வழித்தோன்றல்களும் இருந்தனர் என்பதை நம் சபை வரலாற்று நூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. 1895இல் அவர் தம் அரண்மனையிலேயே சிறைவைக்கப்பட்டார். செய்தித்தாள் மறுக்கப்பட்டது, தாளும் பென்சிலும் மட்டும் கிடைத்தன. இசைக்குரிய கோடுகளைத் தாமே வரைந்து, தொடக்கத்தில் கருவி எதுவுமின்றித் தம் குரலையே துணையாகக் கொண்டு பாடல்கள் எழுதினார். அதில் பேராறுதல் கண்டதாகப் பின்னர்த் தம் வரலாற்றில் பதிவுசெய்தார். தம்மைச் சிறைவைத்தோருக்காக மன்னிப்பு வேண்டும் மன்றாட்டுப் பாடல் அச்சிறையிலேயே பிறந்தது.

இனி, இவ்வரலாற்றின் கடினமான பகுதிக்கு வருவோம். தொழுநோயாளரைப் பிரித்துவைக்கும் சட்டம் ஹவாயில் 1865இல் இயற்றப்பட்டது. 1866 ஜனவரியில் முதல் நோயாளிகள் மொலோக்காய்த் தீவில், செங்குத்தான மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட முனையில் இறக்கப்பட்டனர். அக்குடியிருப்பு பின்னர்க் கலாவுபாப்பா என்று பெயர்பெற்றது. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டனர். ஹவாய் மக்கள் அந்நோய்க்கு இட்ட பெயரே ‘பிரிக்கும் நோய்’ என்பதாம். உடலைத் தின்னும் நோய் என்று அவர்கள் அஞ்சியதைவிட, உறவைத் தின்னும் நோய் என்றே அஞ்சினர். அதனால் நலமுள்ள துணைவரும் உறவினரும் பலர் நோயாளியுடன் தாமும் புறப்பட்டுச் சென்றனர். 1873இல் சீர்திருத்தச் சபைச் சங்கமோ, பிரித்துவைத்தலுக்குக் கீழ்ப்படியுமாறு போதகர்கள் போதிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. மருத்துவ அறிவு குறைந்திருந்த காலம் அது என்று நாம் அமைதி கூறலாம். ஆயினும் லேவியராகமத்தை நினைவில் கொண்ட சபை, தொழுநோயாளியைத் தொட்ட ஆண்டவரை அவ்வேளையில் மறந்துவிட்டதோ என்ற ஐயம் எழாமலிராது.

அங்கு முதற்சபையை நாட்டியவர்கள் நோயாளிகளே. 1866ஆம் ஆண்டிலேயே 35 பேர் கூடி, சீலோவாம் குளத்தின் பெயரால் சிலோவாமா எனும் சீர்திருத்தச் சபையை நிறுவினர். 1873இல் அங்கு வந்த கத்தோலிக்கக் குரு டேமியன் புண்களைக் கட்டினார், சவப்பெட்டிகள் செய்தார், பாடற்குழுவும் இசைக்குழுவும் அமைத்தார். 1889இல் அந்நோயாலேயே மரித்தார். அவரை இழித்து ஹொனலூலுவின் சீர்திருத்தச் சபைப் போதகர் ஹைடு எழுதிய கடிதம் அச்சேறியபோது, மறுத்து எழுதியவர் பிரெஸ்பிட்டீரியன் குடும்பத்திற் பிறந்த எழுத்தாளர் ஸ்டீவன்சன். அவர் நேரில் அங்கு சென்று, சில நாள் தங்கி, நோயுற்ற சிறுமியரோடு விளையாடியவர். போனபின் அவர்களுக்கு ஒரு பியானோவையும் அனுப்பிவைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் யூக்கலேலேயும் கித்தாரும் கலாவுபாப்பா வாழ்வில் கலந்தன. காணவரும் உறவினர் நோயாளியைத் தொடாதபடி பார்வையறையில் கம்பிவலை இருந்தது. தாயின் கை நுழைய முடியாத இடத்தில் பாட்டுக்குத் தடையில்லை. அங்கு வாழ்ந்த சாமி குவாஹினே என்னும் நோயாளி, அக்குடியிருப்பின் அந்திப்பொழுதைப் பாடிய பாடல் தீவுகளெங்கும் பரவியது. ஆறுதல் வெளியிலிருந்து உள்ளே அனுப்பப்பட்டது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இங்கே அது உள்ளிருந்து வெளியே சென்றது. 1946 முதல் சல்போன் மருந்துகள் நோயைக் கட்டுப்படுத்தின. பிரித்துவைக்கும் முறை 1969இல்தான் ஒழிந்தது. மருந்து வந்தபின்னும் 23 ஆண்டுகள் சட்டம் நீடித்ததை எந்தப் பாட்டாலும் மூடி மறைக்கலாகாது.

கருவியின் தன்மையையும் ஒரு சொல் கூறவேண்டும். யூக்கலேலே கைக்குழந்தைபோல் மார்பில் அணைத்து வாசிக்கப்படுவது. அதன் ஒலி மெல்லியது. அடுத்த கட்டிலில் உறங்குபவரை எழுப்பாது. வாசிப்பவரின் வாய் பாடுவதற்கும், கண்கள் நோயாளியின் முகத்தைக் காண்பதற்கும் தடையில்லை. நோயாளி களைத்தால் பாட்டை உடனே தாழ்த்தலாம், நிறுத்தலாம். பெருங்கருவிகளுக்கும், நம்மவர் சிலரது நீண்ட ஜெபங்களுக்கும் இவ்வசதி இல்லை. மேலைநாட்டு மருத்துவமனைகளிலும் மரணத்தறுவாயிலுள்ளோரைப் பேணும் இல்லங்களிலும் இசைவழிச் சிகிச்சையாளர்கள் இன்று இதனைக் கையாளுவதற்கு இவையே காரணம்.

1988இல் இஸ்ரேல் கமக்கவிவோவோலே என்னும் ஹவாய்ப் பாடகர், யூக்கலேலே ஒன்றையே துணையாகக் கொண்டு, வானவில்லைப் பற்றிய பழைய திரைப்பாடலொன்றைப் பதிவுசெய்தார். 1993இல் வெளியான அப்பதிவு இன்று பல நாடுகளின் அடக்க ஆராதனைகளில் ஒலிக்கிறது. 1997 ஜூன் 26ஆம் நாள், தம் 38ஆம் வயதில் அவர் மறைந்தார். ஹொனலூலுவின் ஆட்சிமன்றக் கட்டடத்தில் மக்கள் இறுதி வணக்கம் செலுத்துமாறு அவர் உடல் வைக்கப்பட்டிருந்த பெட்டி, யூக்கலேலே செய்யப்படும் அதே கோவா மரத்தால் ஆனது.